தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

ராஜம்மாளுக்கு வயது அறுபத்தொன்று. அதில் பத்தொன்பது வருடம் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்தே போயிருக்கிறது. சூளையிலிருந்து வந்த கட்டையை விரல் முட்டியால் தட்டுவாள். ‘ணங்’ என்றால் பெட்டிக்கு. ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல், குப்பைக்கு. ஒரு தட்டை நம்பமாட்டாள். திருப்பித் திருப்பி மூன்று தட்டு.

பட்டறையை மூடினார்கள். கணவர் இறந்தார். குடியிருந்த வாடகை வீட்டையும் இடித்துவிட்டார்கள். மூன்று வருடமாகப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மூடிக்கிடக்கும் ஒரு கடையின் படிதான் அவள் வீடு. இப்போது அவள் தட்டிப் பார்ப்பது மனிதர்களை.

வீடற்றோர் தங்கும் இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அன்புக்கரசி ஒருநாள் காலையில் படிவத்தோடு வந்து நின்றாள்.

“அம்மா, கட்டில் இருக்குது, ஃபேன் இருக்குது, சோறு போடறோம். வாங்கம்மா.”

“கதவ உள்ள பூட்டுவீங்களா, வெளியிலயா?”

“ஒங்க பாதுகாப்புக்கு வெளியிலதான் பூட்டுவோம்.”

டொக். ராஜம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன வருடம் மாசி மகத் திருவிழாவுக்கு முன்னால், தெருவில் படுப்பவர்களை அப்புறப்படுத்த ஒரு வேன் வந்தது. சாப்பாடு என்று சொல்லி அவளையும் ஏற்றினார்கள், கதவை வெளியே பூட்டினார்கள், வேப்பூர் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போனார்கள். யார் அனுப்பிய வேன் என்று இன்றுவரை தெரியாது. திரும்பி நடக்க இரண்டு நாள் ஆனது.

பக்கத்துப் படியில் இருக்கும் ராஜாங்கம் சிரித்தார். “ஃபேனுக்கு அடியில படுத்தா ஒனக்குச் சளி புடிச்சிக்குமா?”

“நீ அந்த வேன்ல ஏறல. ஏறிட்டு வந்து பேசு.”

அடுத்த வாரம் அன்புக்கரசி மறுபடி வந்தாள். அதே கேள்விதான். “சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும்மா. கேட்டா தொறப்பாரு.”

“அவரு டீ குடிக்கப் போயிட்டா?”

அன்புக்கரசி படிவத்தை மடித்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் முறை வந்தபோது கையில் படிவம் இல்லை. “தாழ்ப்பாள உள்பக்கம் மாத்திட்டோம்மா. ரயில்வே ஸ்டேஷன்ல படுக்கறவங்களயும் கேட்டேன். எல்லாரும் ஒங்க கேள்வியத்தான் கேட்டாங்க.”

“நீ சொன்னா ஆச்சா? நான் பாக்கறேன்.”

ஆட்டோ வேண்டாம் என்று மூட்டையை ராஜாங்கத்திடம் விட்டுவிட்டு நடந்தாள். அன்புக்கரசியை முன்னால் போகவிட்டாள்.

உள்ளே எட்டுக் கட்டில். எந்தப் போர்வையிலும் மடிப்புக் கலையவில்லை.

“இது போட்டோ எடுக்கவா?”

“பூட்டு வெளியில இருந்த வரைக்கும் யாரும் தங்கல.”

கதவின் வெளிப்பக்கம் பழைய ஆணித் துளைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தார்கள். ராஜம்மாள் தட்டிப் பார்த்தாள்.

“கழட்டின தாழ்ப்பாள் எங்க?”

அன்புக்கரசி மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினாள். ராஜம்மாள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். “இது எங்கிட்ட இருக்கட்டும். நாளைக்கே திருப்பி மாட்டிட்டீங்கன்னா?”

“அது ஆபீஸு பொருளும்மா…”

“அப்ப நான் வரல.”

அன்புக்கரசி இழுப்பறையைச் சாத்தினாள். “சரி, வச்சிக்குங்க.”

“வெளிய போயி தள்ளு.”

ராஜம்மாள் உள்ளே தாழிட்டாள். அன்புக்கரசி மூன்று தடவை தள்ளினாள். கதவு அசையவில்லை. கடைசியில் ராஜம்மாளேதான் திறந்தாள்.

இன்று சாயந்திரம் அவள் அந்த இல்லத்தில் தங்க வருகிறாள். ஒரு வாரம் தங்கிப் பார்க்கும்வரை மூட்டையும், இடுப்பில் செருகிக்கொண்டு வந்த பழைய தாழ்ப்பாளும் ராஜாங்கத்திடம் இருக்கும்.