பின் சீட்டின் எடை

நம்புகிறவர்கள் நம்பலாம். இது நடுராத்திரியில் நடந்ததில்லை, குடித்துவிட்டுச் சொன்னதும் இல்லை. பட்டப்பகலில், அஞ்சுகிராமத்தில், இரண்டு பேர் கண்ணெதிரே நடந்தது. ஒருவர் பைக் மெக்கானிக் முருகதாஸ். மற்றவர் அவர் பட்டறைக்குப் பக்கத்தில் தேங்காய் மொத்த வியாபாரம் செய்யும் தாணுமாலயன். இருவருமே இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். கேட்டால் முருகதாஸ் சொல்ல மாட்டார். தாணுமாலயன் சொல்வார், பாதியில் நிறுத்திவிடுவார்.

போன சித்திரை மாதம் ஹரிகுமார் என்ற இளைஞன் இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒரு பழைய நூறு சிசி பைக்கை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். வயது இருபத்தெட்டு இருக்கும். வழியெல்லாம் எத்தனையோ பட்டறைகள் இருக்க, இவ்வளவு தூரம் ஏன் வந்தான் என்று முருகதாஸ் அப்போது யோசிக்கவில்லை.

"கிளட்ச் வழுக்குதுண்ணே. ரேஸ் ஆகுது, வண்டி இழுக்க மாட்டேங்குது."

பழைய வண்டிகளில் சகஜமான கோளாறுதான். முருகதாஸ் லீவரை அழுத்திப் பார்த்தார். சரியாக இருந்தது. கேபிள் எங்கும் சிக்கவில்லை. கவரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்து கருகிக் கிடந்தன. பிளேட், ஸ்பிரிங், ஆயில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார்.

நாலாவது நாள் ஹரிகுமார் திரும்பி வந்தான். அதே கோளாறு. திறந்து பார்த்தால் புதுப் பிளேட்டும் கருகியிருந்தது. இருபது வருஷத் தொழிலில் முருகதாஸ் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"பின்னால மூட்டை எதாவது ஏத்திட்டுப் போறியா தம்பி?"

"இல்லண்ணே. தனியாத்தான் போறேன்." கொஞ்சம் தயங்கினான். "பின்னால ஆளு இருந்தா வழுக்கல்ல. தனியா போனாத்தான்..."

தலைகீழாக இருந்தது. பாரம் கூடினால் கிளட்ச் வழுக்கும். பாரம் குறைந்தால் எப்படி வழுக்கும்? முருகதாஸுக்கு எரிச்சல் வந்தது. மறுபடியும் பிளேட் மாற்றினார். அவனைப் பட்டறையில் உட்காரச் சொல்லிவிட்டு, தானே ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்.

மணி இரண்டு பத்து. கொளுத்தும் வெயில். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே போகிற ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. முதல் ஒரு கிலோமீட்டர் வண்டி அருமையாகப் போயிற்று. குளத்துக்கரையில் ஒரு பசு குறுக்கே வந்தது. நிறுத்தினார். பசு போனது.

மறுபடி கிளப்பப் போகையில், வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது.

டக்...

சேலை கட்டியவர்கள் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி. வண்டி இடதுபக்கம் லேசாகச் சாய்ந்து, பிறகு நேரானது.

என்ஜின் அலறியது. ஸ்பீடு ஏறவில்லை. பிளேட் கருகும் வாடை.

கண்ணாடியில் பார்த்தார். வெறும் ரோடு.

இறங்கினார். பெட்ரோல் டேங்க் வெயிலில் கொதித்தது. சீட்டின் பின்பாதியில் கை வைத்தார்...

ஜில்லென்று இருந்தது.

அதற்குமேல் ஓட்டவில்லை. தள்ளிக்கொண்டே வந்தார். நேராகத் தாணுமாலயன் கடைக்குப் போய், தேங்காய் மூட்டை நிறுக்கும் எடை மேடையில் வண்டியை ஏற்றினார். நூற்று ஆறு கிலோ. வண்டியை இறக்கிவிட்டுத் தான் மட்டும் ஏறி நின்றார். அறுபத்து நாலு.

பிறகு வண்டியை மேடையில் நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தார்.

நூற்று எழுபது. கணக்குச் சரி.

"என்னடே விளையாட்டு இது?" என்றார் தாணுமாலயன்.

டக்...

இருநூற்று இருபத்தெட்டு.

தாணுமாலயன் மேடையைச் சுற்றி வந்தார். யாரும் இல்லை. எதுவும் தொங்கவில்லை. "ஏ முருகதாசு... அம்பத்தெட்டு கிலோ கூடுதலு" என்றார். மறுபடியும் குனிந்து மேடைக்கு அடியில் பார்த்தார்.

வாசலில் ஹரிகுமார் நின்றுகொண்டிருந்தான். பயந்த மாதிரி தெரியவில்லை. எடை காட்டும் சிவப்பு எண்களையே பார்த்தான். "அம்பத்தெட்டு" என்று மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"வண்டிய ஒழிச்சிரு மக்கா. நல்லதுக்குச் சொல்லுகேன்" என்றார் முருகதாஸ்.

"வேண்டாண்ணே."

வைகாசியில் மறுபடி வந்தான். முருகதாஸ் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"பிளேட் மாத்தாண்டாம்ணே. எடை மட்டும் பாக்கணும்."

இந்த முறை அவனே உட்கார்ந்தான். அவன் அறுபத்தேழு கிலோ. வண்டியோடு நூற்று எழுபத்து மூன்று.

டக்...

இருநூற்று முப்பத்து மூன்று.

அறுபது கிலோ கூடுதல். ஒரே மாதத்தில் இரண்டு கிலோ ஏறியிருந்தது. ஹரிகுமார் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் முருகதாஸ் மேடையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார்.

ஆனி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று இருபது. ஹரிகுமார் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. தூங்காத கண்கள். யாரிடமும் பேசவில்லை. வண்டியை மேடையில் ஏற்றி உட்கார்ந்தான்.

ஒரு நிமிஷம்.

இரண்டு நிமிஷம்.

பின்பக்கம் அமுங்கவில்லை. சத்தமில்லை.

எண் மட்டும் மாறியது.

நூற்று எழுபத்தாறு.

தாணுமாலயன் வண்டியை இறக்கச் சொல்லி, மேடையைத் தட்டி, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஏற்றினார். அதே நூற்று எழுபத்தாறு.

மூன்று கிலோ மட்டும் கூடுதல்.

ஹரிகுமார் சீட்டில் கொஞ்சம் பின்னால் நகர்ந்தான். தனக்கும் டேங்க்குக்கும் நடுவில் இடம் விட்டான். குனிந்து அந்த இடத்தையே பார்த்தான். உதடுகள் அசைந்தன. என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

வண்டியை மேடையிலிருந்து இறக்கிக் கிளப்பினான். கிளட்ச் வழுக்கவில்லை. ஆனால் ரோட்டுக்கு வந்ததும் இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துவிட்டான். எதையோ அணைத்துப் பிடித்த மாதிரி, அந்தக் கை டேங்க்குக்கு மேலே வளைந்திருந்தது. கியர் மாற்றவே இல்லை. முக்கு திரும்பும்வரை ஃபர்ஸ்ட் கியர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது...

அதன்பிறகு அவன் வரவில்லை.

பத்து நாள் கழித்து, இராஜாக்கமங்கலத்தில் தேங்காய் எடுக்கப் போன தாணுமாலயன் அவனைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தார். பட்டறைக்குள் வந்தவர் உட்காரவில்லை.

"அவன் பொண்டாட்டி பேரு அபிதாவாம். மாசி மாசம் இந்த வண்டியில இருந்துதான் விழுந்திருக்கா. ஸ்பீடு பிரேக்கர் தெரியல்லியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அதுக்குப் பொறவு அந்தப் பக்கத்துப் பட்டறைக்காரனுவ ஒருத்தனும் இந்த வண்டியத் தொடல்லியாம்."

முருகதாஸ் முடுக்கிக்கொண்டிருந்த நட்டை விட்டு நிமிர்ந்தார்.

"அப்ப அவளுக்கு அஞ்சு மாசமாம்லே."

முருகதாஸ் ஸ்பானரைக் கீழே வைத்தார். கிரீஸ் படிந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

பங்குனி, ஆறு. சித்திரை, ஏழு. வைகாசி, எட்டு.

ஆனி...