திருப்பத்தில் கேட்ட கூவல்

பச்சியப்ப மாமாவின் கூவல் இரண்டு துண்டாக வரும். முதல் துண்டு "ஏ...ய்" என்று தொண்டையின் அடியிலிருந்து கிளம்பி மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும், எங்கே போய் நிற்குமோ என்று கேட்கிறவர்கள் காத்திருக்கும்போது "ஹப்!" என்று பட்டென அறுந்துவிடும். சிறுவயதில் ஆடு மேய்த்தபோது பழகிய கூவலாம். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டப் போனபோது அதையும் கூடவே கொண்டுபோய்விட்டார். அங்கே இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு வளைகிற இடத்தில் எதிரே வரும் பரிசல் கண்ணுக்குத் தெரியாது என்பதால், திருப்பத்துக்கு முன்னாலேயே பரிசல்காரர்கள் குரல் கொடுப்பார்கள். ஆளுக்கொரு கூவல் உண்டு. வருவது யார் என்று அதை வைத்தே தெரிந்துகொள்வார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், ஏரியூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டத்தை முடித்துக்கொண்டு திங்கட்கிழமை சாயங்காலம் ஏரிக்கரை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவார். இறங்கியதும் அங்கிருந்தே ஒரு கூவல் விடுவார். அது கேட்டதும் அம்மா களிக்கு உலை வைப்பாள். அவர் நடந்து வந்து கைகால் கழுவுவதற்கும், கேழ்வரகு மாவு வெந்து அம்மா களி கிண்டி முடிப்பதற்கும் சரியாக இருக்கும். "ஊருக்கே கேக்குற மாதிரி கத்துனாத்தான் உனக்குச் சோறு எறங்குமா?" என்று அம்மா திட்டுவாள். திட்டிக்கொண்டே நான்காவது உருண்டையை மட்டும் பெரிதாக உருட்டுவாள்.

ஊரடங்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தை மூடியதில் முதலில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். அப்புறம் அப்பாவின் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து, டீச்சரின் குரல் விட்டுவிட்டுக் கேட்பதைப் பாடம் என்று நம்பிக்கொண்டு காலம் தள்ளினேன். ஆற்றையும் மூடிவிட்டதால் மாமா வீட்டோடு கிடந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அடுப்படிக்குப் போக மூன்றடி வைப்பதென்றாலும் ஒரு கூவல் விட்டுவிட்டுத்தான் போவார். "வூட்டுக்குள்ள ஆடு ஓட்டுறான் பாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்படியே ஒரு வருடம் போயிற்று.

இரண்டாவது அலையில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வெள்ளை உடுப்பு போட்ட இரண்டு பேர் வந்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள். மாமாவின் மூக்கு, வாய், தாடை எல்லாம் மாஸ்க்குக்குள் இருந்தன. கண் மட்டும் தெரிந்தது. உள்ளேயிருந்து எனக்குக் கையாட்டினார். அன்று மத்தியானமே எங்கள் வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். தெருவில் எங்களுக்கு "தகரம் அடிச்ச வூடு" என்று பேராயிற்று. தகரத்தை எடுத்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அப்பா மட்டும் போய்விட்டு வந்து, கிணற்றடியிலேயே குளித்து, ஈரத்துணியோடு நின்றார். அம்மா கதவுக்கு உள்ளே நின்று கேட்டாள்.

"மொகத்தக் காட்டுனாங்களா?"

"இல்ல."

"காலு?"

"ஒண்ணும் காட்டல புள்ள. நீளமா சுத்தி வெச்சிருந்தாங்க. மேல சீட்டு இருந்துச்சு. சீட்டுல பேரு இருந்துச்சு."

"சீட்டுல யாரு பேர வேணும்னாலும் எழுதலாங்க" என்றாள் அம்மா.

அன்று அவள் அழவில்லை. எங்கள் பக்கம் சாவு வீட்டில் ஒரு பெண் தனியாக அழ மாட்டாள். ஒருத்தி ஒப்பாரி எடுத்தால், அவளைக் கட்டிக்கொண்டு இன்னொருத்தி அடுத்த அடியை எடுக்க வேண்டும். தகரம் அடித்த வீட்டுக்கு யார் வருவார்கள்? "எடுத்துக் குடுக்க ஆளில்லாம நான் மட்டும் எப்படி அழுவறது?" என்று ஒருமுறை கேட்டாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் உலையில் நான்கு பேருக்குத் தண்ணீர் வைத்தாள். அப்பா பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மிஞ்சிய உருண்டையை மறுநாள் மோரில் கரைத்து எனக்குக் கொடுத்தாள். வாரா வாரம் இதே கதைதான். ஆறு மணி ஆனால் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு — களி கிண்டும் கட்டையைத்தான் நாங்கள் துடுப்பு என்போம் — ஏரிப் பக்கம் திரும்பி அசையாமல் நிற்பாள். ஓடாத பஸ்ஸுக்காக, வராத ஆளுக்காக ஒருத்தி அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு முதுகு சில்லிட்டுப்போகும். "கேட்டுச்சா?" என்று என்னைக் கேட்பாள். "இல்லம்மா" என்பேன். ஒரு திங்கட்கிழமை அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "லேசா கேட்ட மாதிரி இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு. அதற்குப் பிறகு அம்மா என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்குச் சந்தேகமே போய்விட்டது.

சில மாதம் கழித்து ஒகேனக்கல்லில் மறுபடி பரிசல் விடுகிறார்கள் என்று செய்தி வந்தது. "பாப்பா வூட்டுக்குள்ளயே கெடந்து வெளிறிப்போச்சு. ஒரு எட்டு போயி மீன் தின்னுட்டு வருவோம்" என்றார் அப்பா. என்னால் தூங்க முடியவில்லை. ஊரடங்குக்கு முன் தைத்த பட்டுப்பாவாடையை எடுத்துப் போட்டால் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் ஏறி நின்றது. அதையே போட்டுக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் முன்னால் தயாராகி நின்றவள் அம்மாதான். அவள் கூடையில் நான்கு களி உருண்டையும் புளிச்சாறும் இருந்தன. அடியில், இஸ்திரி போட்ட நீலச்சட்டை ஒன்று. அது மாமாவுடையது.

நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள். "ஆஸ்பத்திரிய வுட்டு ஓடியிருப்பான்டி. ஊசின்னா அவனுக்கு உசுரு போயிரும். ஆத்துலதான் எங்கியாச்சும் படுத்துக்கெடப்பான். அப்பாகிட்ட சொல்லாத" என்றாள் மெல்ல. நான் சொன்ன பொய் கூடைக்குள் சட்டையாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆனால் எங்கே பயணம் நின்றுபோகுமோ என்று பயந்து வாயைத் திறக்காமல் அப்பா சந்தைக்குத் தக்காளி ஏற்றுகிற வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பென்னாகரம் தாண்டிக் காட்டுச்சாலையில் இறங்கும்போது எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. வளைவுக்கு வளைவு குரங்குகள் சாலையோரக் கட்டைச்சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முன்பெல்லாம் வண்டியைக் கண்டால் ஓடி வரும். இப்போது எதுவும் அசையவில்லை, தலை மட்டும் எங்களோடு திரும்பியது. "எங்களப் பாத்தா உங்களுக்கு மனுசனாட்டம் தெரியலியா?" என்று அப்பா அவற்றிடம் கேட்டார்.

ஒகேனக்கல் கடைகளில் பாதி மூடிக்கிடந்தன. மீன் வறுக்கிற கொட்டகையில் அணைந்த அடுப்புக்குள் புல் முளைத்திருந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பாட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் மாஸ்க், யாரும் கூப்பிடவில்லை. ஆள் சத்தம் இல்லாத இடத்தில் அருவி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. இத்தனை மாதமும் யாரும் பார்க்காதபோதும் இது இப்படியே விழுந்துகொண்டிருந்திருக்கிறது என்று நினைத்ததும் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா அருவியைப் பார்க்கவில்லை. மாஸ்க் போட்ட ஒவ்வொரு ஆணின் கண்ணையும் நின்று நின்று பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பார்ப்பதைப் பார்த்து எனக்கும் அதே வேலையாயிற்று. மூக்கும் வாயும் மறைந்திருந்தால் முக்கால்வாசிப் பேர் மாமாவைப் போலத்தான் இருந்தார்கள்.

பரிசல் துறையில் மாதையன் என்பவர் எங்களை அடையாளம் கண்டு ஓடி வந்தார். மாமாவோடு பத்து வருடமாகப் பரிசல் ஓட்டியவர், வீட்டுக்கும் வந்திருக்கிறார். "தங்கச்சி, நீயா! ஏறு, ஏறு" என்று சொல்லி எங்கள் மூவரையும் தன் பரிசலில் ஏற்றினார். அம்மா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு கரையோரத்துப் பாறைகளைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தாள்.

பாறைச் சுவர்களுக்கு நடுவே நுழைந்ததும் அருவிச் சத்தம் அடங்கிப்போனது. தண்ணீர் கறுப்பாக இருந்தது. துடுப்பிலிருந்து சொட்டுகிற ஒவ்வொரு சொட்டும் கேட்டது. திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாதையன் துடுப்பை நிறுத்தி மாஸ்க்கைக் கீழே இறக்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள், பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"ஏ...ய்..." அது ஏறிக்கொண்டே போயிற்று. "ஹப்!"

அச்சு அசல் மாமா. நான் இட்டுக்கட்டிச் சொன்ன குரல் இங்கே வந்து காத்திருந்து என்னைப் பிடித்துக்கொண்டதாகவே நினைத்தேன். அம்மா எழுந்து நின்றாள். பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. "உக்காரு புள்ள!" என்று அப்பா அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

"கேட்டுச்சுங்களா? வந்துட்டான். நான் சொன்னன்ல!" அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

திருப்பத்திலிருந்து ஒரு பரிசல் வந்தது. ஓட்டுகிறவன் மட்டும் இருந்தான்; ஒல்லி உடம்பு, சுருட்டை முடி, கண்ணுக்குக் கீழே மாஸ்க். கூவியதும் ஏற்றிக்கொண்டான் போல. இரண்டு பரிசலும் பக்கத்தில் வந்தன. அம்மா கையை நீட்டி அவன் பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாஸ்க்க எறக்கு" என்றாள்.

அவன் மாதையனைப் பார்த்தான். "எறக்குடா" என்றார் அவர். இறக்கினான். மாமா இல்லை. முன்னே பின்னே பார்த்திராத முகம். மேலுதட்டில் ஒரு தழும்பு. அம்மா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பரிசல்கள் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றின.

"அவன் கூவல நீ எதுக்குக் கூவுற?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாருமே அதத்தான் கூவுறோங்கக்கா."

மாதையன்தான் சொன்னார். "நாங்கதான் பேசி வெச்சோம் தங்கச்சி. அவனுக்கு ஒரு மேளம் அடிக்கல, ஒரு மாலை போடல, தூக்கறதுக்குத் தோளு குடுக்கல. பத்து வருசம் கூட ஓட்டுனவன். அதான் ஒரு வருசத்துக்கு இந்தத் திருப்பத்துல யாரும் சொந்தக் கூவல் கூவறதில்ல, அவன் கூவல்தான்னு முடிவு பண்ணோம். உங்க காதுல வுழுந்தா இப்படி ஆவும்னு நெனச்சுப் பாக்கலியே."

அம்மா விளிம்பை விட்டுவிட்டாள். அப்போதுதான் அப்பா பேசினார். "நான் தெறந்து காட்டச் சொல்லிச் சண்ட போட்டிருக்கணும் புள்ள. பயந்துட்டேன். உனக்கும் பாப்பாவுக்கும் ஒட்டிக்குமோன்னு பயந்து தள்ளியே நின்னுட்டேன்." அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அம்மா கூடையிலிருந்து நீலச்சட்டையை எடுத்து மடியில் விரித்தாள். அதன் கையைத் தடவிக்கொண்டே, "என் பச்சி..." என்று எடுத்தாள். பாறை "பச்சி..." என்றது. அவள் ஒரு கணம் நிறுத்திக் காது கொடுத்தாள். பிறகு அடுத்த அடி எடுத்தாள். பாறை அதையும் வாங்கித் திருப்பிக் கொடுத்தது. மேலே தெரிந்த துண்டு வானத்துக்குக் கீழே, கறுத்த தண்ணீரில், அவள் அழ அழச் சுவர்கள் இரண்டும் கூட அழுதன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் பயம் போய்விட்டது. அத்தனை மாதமாக வராத பெண்களெல்லாம் அங்கே நின்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவதாகத்தான் எனக்குப் பட்டது.

கரைக்கு வந்ததும் அந்த நான்கு உருண்டையையும் அம்மா பரிசல்காரர்களுக்குப் பிட்டுப்பிட்டுக் கொடுத்தாள். நீலச்சட்டையைத் தழும்புக்காரன் வாங்கிக்கொண்டான். நாங்கள் மீன் தின்றோம். நான் மூன்று துண்டு தின்றேன், நன்றாகவே இருந்தது. திரும்பும்போது வண்டியில், "அன்னிக்கு எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா, பொய் சொன்னேன்" என்றேன். "தெரியும்டி" என்று சொல்லி என் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை உலைப்பானையை எட்டிப் பார்த்தேன். மூன்று பேருக்குத்தான் தண்ணீர் இருந்தது.

இப்போது நான் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறேன், விடுதியில் தங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கதவு நிலையில் தகரம் அடித்த ஆணித்துளைகளை வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைத்தாயிற்று. அந்த ஒரு வருடம் முடிந்ததும் பரிசல்காரர்கள் அவரவர் கூவலுக்குத் திரும்பினார்கள். கொஞ்ச நாளில் அதுவும் போய், கழுத்தில் பிளாஸ்டிக் விசில் வந்துவிட்டது. மாமாவின் குரலை யாரும் போனில் பிடித்து வைக்கவில்லை. தினமும் கேட்கிற சத்தத்தை யார் பிடித்து வைப்பார்கள்?

போன பொங்கல் லீவில் மூன்று பேரும் மறுபடி ஒகேனக்கல் போனோம். நிற்க இடமில்லாத கூட்டம், மீன் புகை, எல்லார் முகமும் பளிச்சென்று தெரிந்தது. திருப்பத்துக்கு முன்னால் பரிசல்காரர் விசிலை வாயில் வைக்கப் போனார். "ஒரு நிமிசம் இருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நான் கூவிப் பார்த்தேன். "ஏ...ய்" ஒருமாதிரி வந்துவிட்டது. அதை எங்கே அறுப்பது என்று மறந்துபோயிருந்தது; அப்படியே இழுத்து நிறுத்திவிட்டேன். பாறையும் நான் கொடுத்த பாதியை மட்டும் திருப்பிக் கொடுத்தது.

"அவ்ளோதான்டி. மீதிய அவன்தான் கூவோணும்" என்றாள் அம்மா.

பரிசல்காரர் விசில் ஊதவில்லை. துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பரிசல் தானாக மிதந்து திருப்பத்தைக் கடந்து முடிக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் பேசாமல் காது கொடுத்துக்கொண்டிருந்தோம்.