முப்பத்தொரு பேரும் தேறிய வருஷம்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று செங்கம்மா வடித்த சோற்றில் கால்வாசி மிஞ்சிவிட்டது. பாறைமிட்டை ஜில்லா பரிஷத் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது வருஷமாக மதிய உணவு சமைப்பவள் அவள். கரண்டியைக் கையில் பிடித்தபடி வரிசையைப் பார்த்துக் கேட்டாள்.

"டென்த்து பசங்க எங்கடா?"

"தடா பக்கம் செங்கச் சூளைக்குப் பூட்டாங்க அத்தே. அவங்க நைனா, அம்மாகூட."

முப்பத்தொரு பேரில் பதினாலு பேர் போயிருந்தார்கள். மார்ச்சில் பரீட்சை.

தெலுங்கு மாநிலத்தின் தமிழ் எல்லையோரம், புத்தலப்பட்டிலிருந்து உள்ளே போகும் மண்சாலையில் இருக்கிறது அந்த ஊர். பாதிக் குடும்பங்களுக்குத் துண்டு நிலம்கூடக் கிடையாது. மாங்காய்க் காலத்தில் பங்காருபாளையத்தில் மூட்டை தூக்குவார்கள். தை பிறந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு சூளைக்குக் கிளம்பிவிடுவார்கள். முந்தின வருஷம் அந்தப் பள்ளியில் பத்தாவது எழுதியவர்களில் பாதிப்பேர்கூடத் தேறவில்லை. செங்கம்மாவே அஞ்சாவதோடு சூளைக்குப் போனவள்தான். திரும்பப் பள்ளிக்குள் காலெடுத்து வைத்தது சமையல்காரியாகத்தான்.

தலைமையாசிரியை மோகனப்ரியா திருப்பதியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். மூன்று நாள் பெற்றோருக்கு போன் செய்து பார்த்தார். ஒருவரும் மசியவில்லை.

"போன்ல சொன்னா கேக்க மாட்டாங்க மேடம்," என்றாள் செங்கம்மா. "நேர்ல போவணும். நானும் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் தடாவுக்குப் போனார்கள். சூளையில் சந்தியா தலைமீது செங்கல் சுமந்துகொண்டிருந்தாள். வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரி அவள். டீச்சரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தகப்பன் தங்கவேலு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வயசுப் பொண்ண ஊர்ல தனியா வுட்டுட்டு வர சொல்றியா செங்கம்மா? எங்க தூங்கும்? இன்னா துன்னும்?"

"எங்கூட்டுல தூங்கட்டும். மூணு வேளையும் நான் போட்றேன்."

"ஒரு நாளா ரெண்டு நாளா?"

"பரீச்ச முடியற வரைக்கும். ஒம்பொண்ணு மட்டும் இல்ல, எல்லாப் பசங்களையும் அனுப்புங்க."

போகிற வழியில் அவள் இதை யோசித்து வைக்கவில்லை. சொன்ன பிறகுதான் மோகனப்ரியாவே திரும்பிப் பார்த்தார். அன்று ஆறு பேர் அவர்களோடு பஸ் ஏறினார்கள். அந்த வாரக் கடைசிக்குள் மற்ற எட்டுப் பேரும் வந்து சேர்ந்தார்கள்.

பெண்கள் ஏழு பேர் செங்கம்மாவின் இரண்டு அறை வீட்டில் படுத்தார்கள். அவள் கணவன் முனுசாமி தன் கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டான். பையன்களுக்குத் துணையாகத் தெலுங்கு வாத்தியார் பாஸ்கர் பள்ளியிலேயே தங்கிவிட்டார். நெல் அறுத்த வீடுகளில் செங்கம்மா கூடையோடு போய் நின்றாள். ஒரு வீட்டில் ஒரு படி அரிசி, இன்னொரு வீட்டில் முறம் நிறைய வேர்க்கடலை. யாரும் அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை.

கணக்கும் சயின்ஸும் பரவாயில்லை. தெலுங்குதான் இடித்தது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள். மாதிரித் தேர்வில் சந்தியாவே தெலுங்கில் இருபத்தெட்டுதான் வாங்கியிருந்தாள்.

"சமையக்கட்டுல இனிமே தமிழ் பேசக் கூடாது," என்று செங்கம்மா உத்தரவு போட்டாள். "அன்னைக்கு நடத்துன பாடத்த எனக்குத் தெலுங்குல சொல்லு. எனக்குப் புரிஞ்சாதான் கொழம்பு."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் சொன்னார்கள். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே "எந்துக்கு?", "தருவாத்த ஏமைந்தி?" என்று, ஏன், அப்புறம் என்ன ஆச்சு என்று, குடைந்து குடைந்து கேட்பாள். அவளுக்குப் புரிய வைப்பதற்குள் பாடம் அவர்களுக்கு மனப்பாடமாகிவிடும்.

பிப்ரவரி நடுவில் தங்கவேலு பள்ளிக்கு வந்து நின்றான். அவன் மனைவிக்குக் கையில் அடி. செங்கல் அறுக்க ஆள் போதவில்லை. சந்தியாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

"மொதல்ல சாப்புடு," என்று செங்கம்மா தட்டைக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் நின்று பரிமாறினாள். பிறகு சந்தியாவின் கணக்குத் தாளைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

தங்கவேலுவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும், நாளெல்லாம் செங்கல் எண்ணுகிறவன்.

"தொண்ணூத்தாறா?" என்றான். "எத்தினிக்கு?"

"நூத்துக்கு."

வகுப்பறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். சந்தியா கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பு மொத்தமும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. அவன் வெகுநேரம் அங்கேயே நின்றான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அதுகிட்ட நான் வந்தேன்னு சொல்லாத. அம்மா கையப் பத்தியும் சொல்லாத. பட்ச்சிக்கினு இருக்கட்டும்."

மூன்று மணி பஸ்ஸில் அவன் தனியாகத்தான் திரும்பினான்.

ஏப்ரல் கடைசியில் ரிசல்ட் வந்தது. மோகனப்ரியா போனில் ஒவ்வொரு ஹால் டிக்கெட் எண்ணாகப் போட்டுப் பார்த்தார். பாஸ்கர் சார் காகிதத்தில் டிக் அடித்துக்கொண்டே வந்தார். முப்பதாவது எண்ணுக்கும் டிக். முப்பத்தொன்றும் பாஸ். அறுநூறு மார்க்கில் பத்தொன்பது பேர் ஐந்நூறுக்கு மேல். சந்தியா ஐந்நூற்று எழுபத்து மூன்று. தெலுங்கில் எண்பத்தெட்டு.

செங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பையன்கள் எங்கிருந்தோ பறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஊர் முழுக்கச் சத்தம். தடாவுக்கு போன் போட்டபோது அந்தப் பக்கம் தங்கவேலு, "மறுபடியும் சொல்லு, மறுபடியும் சொல்லு" என்று மூன்று தடவை மார்க்கைக் கேட்டான். ஜூலையில் சந்தியாவுக்கு, பத்தாவது முடித்ததுமே சேர்த்துக்கொள்ளும் அரசுப் பொறியியல் கல்லூரியான இடுப்புலபாயா ட்ரிபிள் ஐடியில் இடம் கிடைத்தது.

பாராட்டுக் கூட்டத்துக்கு மண்டல் கல்வி அதிகாரி வந்தார். செங்கம்மாவுக்குச் சால்வை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவள் அதைச் சோற்றுக் கரண்டி மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பசங்க நல்லா பட்ச்சாங்க. டீச்சருங்க வூட்டுக்குக்கூடப் போவாம சொல்லிக் குடுத்தாங்க. நான் சோறு போட்டேன். மூணுல ஒண்ணு கொறஞ்சாலும் ஆவாது." கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தாள். பிறகு அதிகாரி பக்கம் திரும்பித் தெலுங்கில் சொன்னாள்: "சார், இந்த வருஷம் நாங்க வீடு வீடா கூடை தூக்க மாட்டோம். பாய், போர்வை, அரிசி, எல்லாம் பொங்கலுக்கு முன்னாடியே வந்துடணும். இங்கேயே சொல்லிடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். ஆனால் மைக்கை வாங்கி, எல்லார் முன்னாலும், "அனுப்புகிறேன் அம்மா" என்று சொன்ன பிறகுதான் அவரால் உட்கார முடிந்தது.