காற்றைப் பிழியும் மெஷினும் சலீம் பாய் குடோனும்

ஏசி மெக்கானிக்கை வெயில் காலத்தில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். மழை விழுந்தால் ஒருத்தரும் சீண்ட மாட்டார்கள். அதனால்தான், சர்வீஸ் பார்க்கும் சகபாவிகளே, ஈரம் உறிஞ்சும் மெஷினையும் விற்கக் கிளம்பினேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு ஐப்பசி. திண்டுக்கல்லில் என் முதல் மெஷின் சலீம் பாயின் தோல் குடோனுக்குப் போனது.

வாய் கொடுத்தேன்

போன மழைக்குப் பாயின் தோலெல்லாம் பூஞ்சணம் பூத்து, சென்னைப் பார்ட்டி லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்தத் தடவையும் அப்படி ஆனால் பார்ட்டியே கைவிட்டுப் போய்விடும். பத்து நாளில் சரக்கைப் பார்க்க வருகிறாராம்.

"ஐஸ்ல வச்ச கலர் பாட்டில் வெளியே வேர்க்குதுல்ல பாய்? அதேதான். காத்தை இழுத்துச் சில்லுனு இருக்கிற குழாய் மேல விடும். ஈரம் சொட்டுச் சொட்டா வாளியில விழும். காஞ்ச காத்து வெளிய வரும். பூஞ்சணம் எட்டிப் பாக்காது" என்று அடித்துவிட்டேன்.

"பாத்துச்சுன்னா, மெஷினோட உன்னையும் சேத்து வாசல்ல வச்சிருவேன் தம்பி."

அக்காவின் அக்கறை

மறுநாளே போன். மெஷின் நின்றுபோச்சாம். பதறியடித்து ஓடினேன். வாளி நிறைந்தால் அது தானாகவே நின்றுவிடும். ஆனால் இம்புட்டுச் சீக்கிரம் எப்படித் தளும்பத் தளும்ப நிறைந்தது? குடோனைக் கூட்டிப் பெருக்கும் ஆரோக்கியம் அக்கா பெருமையாக முன்னால் வந்தார்.

"வாளி காலியா கெடந்துச்சு அப்பு. ஆபீஸ் ஏர்கூலருக்குக் கோடை பூரா நாந்தான ஊத்துறேன், இதை மட்டும் பட்டினி போடுவேனா?"

ஜன்னல்

ஊற்ற வேண்டாம், எடுக்கத்தான் வேண்டும் என்று புரிய வைத்தேன். அதுதான் வினையாகிவிட்டது. நம் ஊரில் குழாயில் தண்ணி வருவதே திருவிழா மாதிரி. குடிக்கக் கூடாது என்றதும் அக்கா அதைப் பாத்திரம் கழுவ வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்.

நாலாம் நாள் காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரமானியைப் பார்த்தால், அறுபதுக்குக் கீழே இறங்க வேண்டிய முள் எண்பதை விட்டு நகரவில்லை. நிமிர்ந்து பார்க்கிறேன், நான் அடைக்கச் சொன்ன ஜன்னல் ஆறும் ஆவென்று திறந்து கிடக்கிறது! வெளியே நசநசவென்று தூறல்.

"அடைச்சா ஒரு கொடந்தான் அப்பு, தொறந்து விட்டா ரெண்டு கொடம் வருதே!"

பார்ட்டி வந்தார்

ஜன்னல் இடுக்கெல்லாம் நானே டேப் ஒட்டினேன். பத்தாம் நாள் பார்ட்டி வந்து தோலைப் புரட்டினார், முகர்ந்தார், விரலால் தேய்த்தார். நான் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. "லோடு ஏத்துங்க பாய்" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பாய் என்னைக் கட்டிப்பிடித்துப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

கை கழுவிவிட்டு வந்தால், பாயும் அக்காவும் மெஷின் முன்னால் எழவு வீடு மாதிரி நிற்கிறார்கள். வாளியில் ஒரு டம்ளர் தண்ணிதான். ஈரமானி ஐம்பத்தைந்தில் நிற்கிறது. காய்ந்த காற்றில் பிழிய இன்னும் என்ன இருக்கு?

"எல்லாஞ் சரிதான் தம்பி, ஆனா மெஷின் ரிப்பேராயிருச்சே, தண்ணியே வரமாட்டேங்குது!"

வேலையை ஒழுங்காக முடித்த மெஷினுக்கு ரிப்பேர் பார்க்கக் கூப்பிடுகிற தொழில், அநேகமாக நம்முடையது ஒன்றுதான்.