சைக்கிள் சீட்டின் மேல் போட்ட பழி

அந்த முடிச்சை முதலில் தொட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிக்கும்போது. ராணிப்பேட்டை வரை சைக்கிளில் போய்த் திரும்பியிருந்தேன். தொடையும் உடம்பும் சேரும் மடிப்பில், சீட்டு உரசுகிற இடத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அமுக்கினால் நழுவியது. சோப்பைக்கூடக் கழுவாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு, எல்லாம் இந்தப் பாழாய்ப்போன சீட்டால் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தலையைத் துவட்டினேன்.

சைக்கிள் மகளுடையது. கல்லூரியில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கினாள். வளைந்த கைப்பிடியும் ஒல்லி டயரும் வைத்த ரோடு சைக்கிள். பெங்களூருவில் வேலை கிடைத்ததும் அதை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நடக்க எனக்குப் பொறுமை கிடையாது. நாற்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை நான் சைக்கிளை வெளியே எடுத்தேன். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவே வாசலில் நின்று பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று மிதித்துக்கொண்டு போனேன்.

முடிச்சைக் கண்டு நான் இவ்வளவு பயந்ததற்குக் காரணம் உண்டு. என் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. சூட்டுக் கட்டி என்று தானே முடிவு செய்து, ஒன்றரை வருஷம் யாரிடமும் மூச்சு விடாமல் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ரவிக்கையில் கறையைப் பார்த்து நான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனபோது காரியம் கைமீறிவிட்டது. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும் என் கோபம் அடங்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று போட்டோவைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். அவருக்கு மார்பில், எனக்கு வேறு இடத்தில். இருந்தாலும் கட்டி கட்டிதானே என்று மனசு அடித்துக்கொண்டது.

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் எனக்கு வேலை. புது மாடல் வந்தால், அந்த அளவுக்குச் சரியான பாதம் உள்ள பெண்களுக்கு மாட்டி, கூடத்தில் நடக்கவிட்டு, எங்கே கடிக்கிறது என்று கேட்டு, ஷூவில் அந்த இடத்தில் சில்வர் பேனாவால் புள்ளி வைப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. எங்கள் ரூமில் ஒரே சட்டம், காலைக் குறை சொல்லக் கூடாது. புதிதாக வருகிற பெண் யாராவது, “என் கால்தான் கொஞ்சம் அகலம் மேடம்” என்று நெளிந்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். “உன் கால் நல்லாத்தான் கீது. ஷூ இன்னா பண்ணுது, அத்தச் சொல்லு” என்பேன்.

இதையே என் உடம்புக்கும் பொருத்திக்கொண்டேன். கடிக்கிறதா, சீட்டில்தான் தப்பு. சீட்டில் தப்பு இருக்கிறவரை என் உடம்பில் ஒன்றும் இல்லை. சரியான சீட்டைக் கண்டுபிடித்தால் முடிச்சு தானாகக் கரைந்துவிடும் என்று உண்மையிலேயே நம்பினேன்.

மகளின் சீட்டு மெலிசு, கல் மாதிரி. கொஞ்ச தூரம் போனாலே உட்காரும் இடம் மரத்துப்போகும். அதைக் கழற்றிவிட்டு, மெத்மெத்தென்று அகலமான சீட்டு ஒன்றைப் போட்டேன். முதல் ஐந்து கிலோமீட்டர் சோபாதான். அதற்குப் பிறகு உடம்பு அதில் புதைந்து, ஒவ்வொரு மிதிக்கும் இரண்டு பக்கமும் தேய்த்துத் தோலை உரித்துவிட்டது. ஆலயத்தில் பிரசங்கம் முடிகிறவரை பெஞ்சில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்தேன். “உனக்கு சிம்மாசனம்தான் ஆர்டர் பண்ணணும்” என்றார் வீட்டுக்காரர். நானும் கூடச் சிரித்தேன். ராத்திரி அவர் தூங்கினாரா என்று பார்த்துவிட்டு முடிச்சைத் தொட்டுப் பார்ப்பேன். அது அங்கேயேதான் இருந்தது.

மூன்றாவது, நடுவில் பள்ளம் விட்ட சீட்டு. மாட்டிக்கொடுத்த சைக்கிள் கடைக்காரருக்கு என்னைப் பார்த்தாலே அலுப்பு.

“இன்னாக்கா, இப்பதானே மாத்துனீங்க?”

“கடிக்குதுங்க.”

“மொதல்ல எல்லாருக்கும் பேஜாராத்தான் இருக்கும். பழகிடும்க்கா.”

“பழகறதுக்கு இது இன்னா புகுந்த வீடா?” என்று வள்ளென்று விழுந்தேன். பாவம், நல்ல மனுஷர். அவருக்கு என்ன தெரியும்? பள்ளம் விட்ட சீட்டில் மரத்துப்போவது நின்றது. ஆனால் பள்ளத்தின் விளிம்பு சரியாக முடிச்சின் மேலேயே உட்கார்ந்தது. அது கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்தது. வளரவில்லை, வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். டாக்டரிடம் போகலாம் என்று இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் வேறு எங்கேயோ போய்விட்டு வந்தேன்.

கடைசியில் தொழில் புத்தி வேலை செய்தது. ஷூ வாங்கக் கால் அளவு எடுக்கிறோம், சீட்டுக்கு யார் அளவு எடுத்தது? கம்பெனியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து, பிரித்து, படிக்கட்டில் போட்டு, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழி, உட்காருகிற எலும்புகள் பதிந்த இடம். குழிக்கும் குழிக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து, அதற்குப் பொருத்தமான அகலத்தில், கெட்டியான சீட்டாகக் கேட்டு வாங்கினேன். ரசமட்டம் வைத்துச் சீட்டின் மூக்கை நேராக்கினேன்.

அந்தச் சீட்டில் ஏறி, அடுத்த ஞாயிறு காவேரிப்பாக்கம் வரை போனேன். அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை. வாலாஜா தாண்டியும் வலி இல்லை, மரத்துப்போகவில்லை. சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. ஏரிக்கரையில் இறங்கி சைக்கிளைச் சாய்த்து வைத்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ முடியவில்லை. சீட்டில் தப்பே இல்லை. அப்படியானால் இது என்ன?

அதற்குமேல் பழி போட என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மாவின் ரவிக்கைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் நின்றது. நான் சாகப்போகிறேன் என்று நிச்சயமாக நம்பினேன். திரும்பி மிதிக்கக் கால் வரவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் செய்து, வந்து கூட்டிப்போங்கள் என்றேன். அவர் பதறி, தெரிந்தவருடைய குட்டியானை லோடு வண்டியில் வந்து சேர்ந்தார். கரையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

“எத்தினி மாசமா?” என்றார்.

“பத்து.”

சைக்கிளைத் தூக்கி வண்டியில் போட்டார்.

மறுநாள் டாக்டரம்மா இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “கொழுப்புக் கட்டி. உரசி உரசிப் பெருசாயிருக்கு. இதுக்கா இவ்ளோ பயந்தீங்க?” என்றார். அப்போதே மரத்துப்போக ஊசி போட்டு எடுத்து, தையல் போட்டார். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு வந்த ரிப்போர்ட்டும் அவர் சொன்னதையேதான் சொன்னது. தையல் போட்டபடியே குடும்பத்தில் யாருக்காவது கட்டி இருந்ததா என்று விசாரித்தார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். “உங்களுக்குப் பொண்ணு இருக்கா? அவங்களையும் ஒருதடவை பார்த்துக்கச் சொல்லுங்க. மார்புக் கட்டி வழிவழியா வரலாம்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் செய்தேன். உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் ஒன்றுவிடாமல் கொட்டினேன். முடிச்சு, அட்டைப்பெட்டி, ஏரிக்கரை, குட்டியானை எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். டாக்டர் சொன்னதையும் அதோடு சேர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“ஆயாவுக்கு எந்தப் பக்கம்மா இருந்துச்சு?” என்று பாட்டியைப் பற்றிக் கேட்டாள்.

“எடது பக்கம். ஏண்டி?”

“எனக்கும் ஒண்ணு இருக்கும்மா. அதே பக்கம். ரெண்டு மாசமா.”

“ஏண்டி சொல்லல?” என்று கத்தினேன்.

“சொல்லலாம்னுதாம்மா வாராவாரம் போன் பண்ணேன். நீ சீட்டு கடிக்குது, சீட்டு கடிக்குதுன்னு அத்தயே சொல்லினு இருந்தே. உன் குரலு அழுவுற மாதிரி இருக்கும். உனக்கே இன்னாவோ கஷ்டம்னு போனை வெச்சிடுவேன்.”

தையல் வலி குறையட்டும், நாளைக்குப் போகலாம் என்றார் வீட்டுக்காரர். நான் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தேன். பெங்களூரு பஸ்ஸில் இடம் இருந்தது. அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னால் உட்கார முடியவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி எல்லாம் தாண்டி, அவள் ஊர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன்.