அக்கா எடுத்த பெரட்டு

ஈப்போவில் ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டை ஒன்றை நான் வாங்கியபோது ஊரே சிரித்தது. மண் கொட்டி மூடி, அதன்மேல் லாரிப் பட்டறை போட்டேன். ஒரு மழைக்குத் தாங்காது, மூழ்கிவிடும் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களின் லாரிகள்தான் இன்று அங்கே பழுது பார்க்க வரிசையில் நிற்கின்றன. லாரியில் மூட்டை தூக்கப் போனவன் லாரிக்குச் சொந்தக்காரன் ஆனேன். மாடி வீடு கட்டினேன். தோட்டத்து அம்மன் கோயிலுக்கு இரும்புக் கூரை போட்டுக் கொடுத்தேன். தோட்டம் போய், ரப்பர் மரங்கள் போய், செம்பனை வந்துவிட்டது. அந்தக் கூரை மட்டும் அசையவில்லை. ஒரு மகளைப் பல் டாக்டர் ஆக்கினேன். என் பல்லை அவளிடம் காட்டுவதில்லை, அது வேறு கதை.

படிப்பு என்று கேட்டால் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அவ்வளவுதான். ஆனாலும் இத்தனைக்கும் மேலான காரியம் ஒன்றை அந்த ஆறாம் வகுப்பையும் எட்டுவதற்கு முன்பே செய்து முடித்தவன் நான். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அப்பாவின் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விடியுமுன் கங்காணி முன்னால் ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். முழு வேலை செய்தவனுக்குக் கூலிக் கணக்கில் முழு நாள் போடுவார்கள். மழையில் பாதியோடு திரும்பினால் அரை நாள். வராதவனுக்கு ஒன்றுமில்லை. அந்த வரிசையில் அப்பா நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ரப்பர்ப் பால் வாளியைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, “வந்திருக்கேன் கங்காணி” என்பார். வாரம் முழுவதும் அங்கே அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே வாளியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் துண்டு. குரல் மட்டும் கங்காணியின் குரல். “ஆளுங்கள்லாம் நேரா நில்லு!” என்று ஒரு அதட்டல் போடுவார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் இருந்து சனங்கள் பலகையும் பாயும் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அப்பா அந்த வாரத்து உலகத்தையே வரிசையில் நிறுத்திப் பெரட்டு எடுப்பார். முதலில் வெளிநாடு, அப்புறம் தோட்டம், அப்புறம் எங்கள் வீடு, கடைசியில் பந்து விளையாட்டு. இந்த வரிசை ஒருநாளும் மாறாது.

எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறிய சமயம். “அரபு நாடு! வந்திருக்கா?” என்று கேட்டு, அப்பாவே மூக்கால் “வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு, மறுபடி கங்காணிக் குரலில் அதட்டுவார். “எண்ணெக் குழாய மூடிட்டு நீ ஒன் வூட்ல படுத்துக்கிட்ட. இங்க நம்ம கடத் தவுக்கே மண்ணெண்ணெ வெலய ஏத்திட்டாரு. ஒனக்கு அரை நாள்தான் போ!” அடுத்து தோட்டம். “கங்காணி சைக்கிள்ல இருந்து விழுந்தாரு. சைக்கிளுக்கு நல்ல அடி. அதுக்கு ஒரு வாரம் லீவு.” செம்பருத்தி வேலிக்குப் பின்னால் நிஜக் கங்காணி நின்றுகொண்டிருப்பார். அவர் சிரிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் தைரியமாகச் சிரிப்பார்கள். பிறகு எங்கள் வீடு. “சின்னவரு கணக்குப் பரீட்சையில முட்ட வாங்கிட்டு வந்திருக்காரு. அவங்கம்மா அத ஆம்லெட்டு போடச் சொல்லுது.” கடைசியில் பந்து. “நம்ம ஊரு கோல்காரரு ரொம்ப மரியாதக்காரரு. வந்த பந்த ஒண்ணயும் வாசல்ல நிறுத்தி வைக்கல. உள்ள வாங்க, உள்ள வாங்கன்னுட்டாரு.”

இதெல்லாம் சனிக்கிழமை டவுனுக்குப் போய், முடிவெட்டும் கடையிலும் காப்பிக் கடையிலும் பிறர் படிக்கக் கேட்டு வந்தது என்று எனக்குத் தெரியாது. அப்பா வாளியில் ஏறியதும் உலகம் தானாக வந்து அவர் முன்னால் நிற்கிறது என்றுதான் நினைத்தேன். அரபு நாட்டுக்கு அரை நாள் போட்ட அடுத்த வாரம் கடை முதலாளி தவுக்கே மண்ணெண்ணெய் விலையைக் கொஞ்சம் இறக்கினார். அரைநாள் கூலி போனதில் அரபுக்காரர் பயந்துவிட்டார் என்று நான் பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. எங்கப்பா அப்பேர்ப்பட்ட ஆள்.

அப்பேர்ப்பட்ட வாய்தான் அக்காவின் கல்யாணத்துக்கு எமனாக வந்தது. கோலா கங்சாரில் இருந்து பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் வடையை நிறையச் சாப்பிட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு அப்பா, “கோலா கங்சார் பெரியவரு பொண்ண அரை நாள் பாத்தாரு, வடைய முழு நாள் பாத்தாரு” என்று போட்டார். பேச்சு பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தது. சம்பந்தம் நின்றது. பாகான் செராயில் இருந்து வந்த இன்னொரு இடமும் இதே மாதிரி போனது. அக்காவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. விடியுமுன் அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய், மத்தியானம் பால் தூக்கி வந்து, எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட அக்கா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழாயடியில் துணி துவைக்கிற சாக்கில் உட்கார்ந்துகொண்டு, அப்பா சொல்லுமுன்பே அடுத்ததை உதட்டுக்குள் சொல்லிச் சிரிக்கும்.

அம்மா அப்பாவைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனது. உள்ளங்கையில் சூடத்தைக் கொளுத்தி வைத்து, அணைக்கச் சொன்னது. மூத்தவள் கழுத்தில் தாலி ஏறும்வரை பெரட்டு எடுப்பதில்லை என்று அப்பா சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் செத்துக் கிடந்தது. வாளி கவிழாமல் நின்றது.

அப்போதுதான் தைப்பிங் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அரசாங்கத்தில் டிரைவர். இதுவும் போனால் இனி இந்தத் தோட்டத்துக்கு யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள் என்று அம்மா மூன்று சாமிகளுக்கு நேர்ந்துகொண்டது. பஸ் நிற்கிற முச்சந்திக்குப் போய் அவர்களை அழைத்து வரும் பொறுப்பு எனக்கு. குடை ஒன்று கொடுத்து, “வாய மூடிக்கிட்டு வா” என்று சொல்லி அனுப்பியது.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் அப்பாவும் வந்து இறங்கினார்கள். செம்மண் சடக்கில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்பு, கனத்த குரல். கொஞ்ச தூரம் போனதும் என்னைப் பார்த்து, “ஏன் தம்பி, ஒங்கப்பாதான் ஏதோ பெரட்டு எடுப்பாராமே? கோலா கங்சார் வரைக்கும் பேசிக்கிறாங்க” என்றது.

நான் என்ன செய்வேன்? அப்பாவைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். குடையை மடக்கிக் கம்பாகப் பிடித்துக்கொண்டேன். ரப்பர் மரங்களை வரிசையில் நிற்கும் ஆட்களாக வைத்து, அரபு நாட்டில் ஆரம்பித்து, சைக்கிள், முட்டை, கோல்காரர் எல்லாவற்றையும் அப்பாவின் குரலிலேயே எடுத்துவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சடக்கு ஓரத்தில் நின்றுவிட்டார். “அலாமா, போதும்லா தம்பி, நடக்க விடு” என்றார் மாப்பிள்ளை. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர்.

இவ்வளவு சிரித்துக்கொண்டு வந்தவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அடங்கிப் போனார்கள். காரணம் அப்பா. வெள்ளை வேட்டி கட்டி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு இரண்டு பேச்சுதான் தெரியும். வாரம் முழுவதும் பேசாமல் இருப்பது ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பேசுவது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் சாதாரணமாகப் பேசுவார்களே, அது அவருக்கு வராது.

“பால் நல்லா வருதுங்களா?”

“வருது.”

“மழை இருக்குங்களா இங்க?”

“இருக்கு.”

அவ்வளவுதான். அம்மா பதறிப் போய் எல்லோருக்கும் இன்னொரு தடவை பலகாரம் வைத்தது. மாப்பிள்ளையின் அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தது, தன் புருஷன் முகத்தைப் பார்த்தது. இவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அந்தப் பார்வை சொன்னது. சன்னல் பக்கம் லயத்துச் சனம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்ப நாங்க பொறப்படறோம். பஸ்ஸ விட்டா கஷ்டம்.”

தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்ற அக்கா அதைக் கேட்டது. தட்டை மேசைமேல் வைத்தது. போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, “ஆளுங்கள்லாம் நேரா நில்லு!” என்று ஒரு அதட்டல் போட்டது பாருங்கள், பட்டுச்சேலை கட்டிய கங்காணி!

அம்மா தலையில் அடித்துக்கொண்டது. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சடக்கில் நான் செய்து காட்டியது அவருக்கு நினைவு வந்துவிட்டது. சட்டென்று எழுந்து, கையைத் தொடையோடு ஒட்டி வைத்து நேராக நின்றார். அவர் நின்றதும் அவர் அப்பாவும் நின்றார்.

அக்கா எங்கப்பாவைப் பார்த்தது. அப்பா மெதுவாக எழுந்தார். தலையைக் குனிந்தார். “வந்திருக்கேன் கங்காணி” என்றார்.

“ஏங்க! சூடம் அணைச்சிருக்கீங்க!” என்று அம்மா கத்தியது.

“நான் எங்கடி பெரட்டு எடுக்கறேன்? நான் பேருதான குடுக்கறேன்” என்றார் அப்பா.

சன்னல் பக்கம் ஓவென்று சத்தம். செம்பருத்தி வேலியில் இருந்து கங்காணியே உள்ளே வந்துவிட்டார். அக்கா ஒவ்வொன்றாகக் கேட்க, அப்பா குனிந்த தலை நிமிராமல் பதில் கொடுத்தார். இத்தனை வாரம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. அப்படி ஒரு பெரட்டை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. மாப்பிள்ளையின் அம்மா நடுவில் புகுந்து, “எங்க தைப்பிங்க மறந்துட்டீங்களே?” என்றது.

“தைப்பிங் மழைக்கு முழு நாள் போடுங்க கங்காணி. ஒரு நாளு கூட அது லீவு எடுக்கல.”

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. பஸ்ஸைப் பற்றி யாருக்கும் நினைவில்லை.

அடுத்தது எங்கள் வீடு. என் முறை, அம்மாவின் முறை முடிந்தன. அக்கா குரலை இறக்கிக் கேட்டது: “இந்த வூட்டு மூத்த பொண்ணு?”

“மூத்த பொண்ணு...” என்று அப்பா ஆரம்பித்தார். “மூத்த பொண்ணு மழை நாள்லயும் வூட்ல நிக்கல கங்காணி. காய்ச்சல்லயும் நிக்கல. எல்லாத்துக்கும் முழு நாள். இனிமே அது...”

அதோடு நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. அம்மா பின்கட்டுக்குப் போய்விட்டது. அக்கா கையைப் பின்னால் கட்டியபடியே நின்றது.

அப்பா மறந்துவிட்டார்! உலகத்தையே வரிசையில் நிறுத்துகிறவர், சம்பந்தக்காரர்கள் முன்னால், தைப்பிங் வரைக்கும் பேசப்போகிற நேரத்தில், அடுத்து என்ன என்பதை மறந்துவிட்டார். இந்த அவமானத்தில் இருந்து அவரைக் காப்பாற்ற அந்த அறையில் வரிசை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

“அப்பா! அடுத்தது பந்துப்பா! பந்து!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

முதலில் மாப்பிள்ளை சிரித்தார். பிறகு எல்லோரும். அப்பா துண்டால் முகத்தை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துக்கொண்டு, “ஆமா, பந்து” என்று ஆரம்பித்து, கோல்காரரை உள்ளே விட்டு வெளுத்து வாங்கினார். மாப்பிள்ளையின் அப்பா வந்து அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். எதற்கு அப்படிப் பிடித்துக்கொள்கிறார், அப்பாவுக்குத்தான் நினைவு வந்துவிட்டதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

போன மாதம் ஈப்போவில் மண்டபம் எடுத்து அத்தானுக்கு எழுபதாம் கல்யாணம் செய்தோம். மைக்கைப் பிடித்து அத்தான் இந்தக் கதையைச் சொன்னார். அக்காவின் தைரியத்தைச் சொன்னார், எங்கப்பாவின் வாயைச் சொன்னார், தன் அம்மா உட்கார்ந்த நாற்காலியைக்கூடச் சொன்னார். சனம் கைதட்டியது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நான் கேட்கிறேன். சடக்கில் அன்று நான் செய்து காட்டியிராவிட்டால், ஒரு பெண் இப்படி அதட்டியதைப் பார்த்து இவர்கள் குடையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்க மாட்டார்களா? அது போகட்டும். அதைக்கூட விட்டுக் கொடுக்கிறேன். மற்றதை விடமாட்டேன். என் பல் டாக்டர் மகளுக்குக் கல்யாணம் ஆன அன்று, ஆயிரம் பேர் முன்னால் என் கையிலும் மைக்கைக் கொடுத்தார்கள். “என் மக...” என்று சொன்னேன். அதற்குமேல் வரவில்லை. நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். அடுத்தது என்ன என்று எடுத்துக் கொடுக்க அத்தனை பெரிய மண்டபத்தில் ஒரு பயல் இல்லை. கடைசியில் மேளக்காரர்கள் வாசித்துவிட்டார்கள்.

அதனால் அத்தான், இனி எங்கே இந்தக் கதையைச் சொன்னாலும் முழுசாகச் சொல்லுங்கள். மாமனார் பேச முடியாமல் நின்றபோது, பந்து என்று கத்தியது உங்கள் மைத்துனன் என்று சொல்லுங்கள்.