ஜெபாவுக்கு வாங்கிய ஃபிட் சர்ட்டிபிகேட்

ஒரகடத்துக்குக் கம்பெனி வேலைக்கு வந்த புதிதில் நான் நம்பிய முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டாக்டர் ‘ஃபிட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தால் உலகத்தில் எந்தக் கேட்டும் திறக்கும். இங்கே எல்லாக் கம்பெனி வாசலிலும் அதைத்தான் கேட்கிறார்கள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்தபோது யாரும் என் நெஞ்சைத் திறந்து பார்த்ததில்லை. இரண்டு கை இருக்கிறதா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். என் மகள் ஜெபாவையும் அங்கே பள்ளிக்கூடத்தில் ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இங்கே பத்தாம் வகுப்பில் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“வாயால கேட்டா டக்கு டக்குனு சொல்றா சார். எழுதச் சொன்னாதான் எழுத்தெல்லாம் இடம் மாறிப் போவுது. டிஸ்லெக்ஸியானு பேரு. பரீட்சையில அவ சொல்லச் சொல்ல வேற ஒருத்தர் எழுதுவாங்க, ஒரு மணி நேரம் கூடவும் குடுப்பாங்க. காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரில காட்டி டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கினு வாங்க.”

சர்ட்டிபிகேட் என்றதும் எனக்கு வேர்த்துவிட்டது. பெண்ணுக்குக் கோளாறு என்று அரசாங்க முத்திரையோடு எழுதிவிட்டால் நாளைக்கு எந்தக் கம்பெனி உள்ளே விடும்? கம்பெனியில் லைன் நின்றுபோனால்கூட இவ்வளவு வேகமாக ஓடாத என் மூளை அன்றைக்கு ஓடியது. காஞ்சிபுரத்தை விட்டுவிட்டு, வேலைக்குச் சேர ஃபிட் வாங்க எங்கள் ஆட்கள் வரிசையில் நிற்கும் இருங்காட்டுக்கோட்டை கிளினிக்குக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

“இன்னாபா, பொண்ணு எந்தக் கம்பெனி?” என்றார் கம்பவுண்டர்.

“பத்தாங்கிளாஸ்.”

“அதான் பார்த்தேன், சின்னப் பொண்ணா கீது” என்று எடை பார்த்தார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்தார், கையெழுத்துப் போட்டார். ஃபிட்.

வெளியே வந்ததும் ஜெபா கேட்டாள்: “எப்பா, என்னைய ஒண்ணுமே வாசிக்கச் சொல்லலியே?”

“நல்லதாப் போச்சுல்லா. பாஸாயிட்ட, பேசாம வா பிள்ள.”

பள்ளிக்கூட கிளார்க் டாக்டர் முத்திரையைப் பார்த்தார், எழுத ஆள் கேட்கும் விண்ணப்பத்தோடு குத்திப் பரீட்சை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார். அது திரும்பி வந்தபோது கடைசித் தேதி போயிருந்தது.

“இவளுக்கு ஒரு குறையும் இல்லேனு நீங்களே எழுதி வாங்கியாந்து குடுத்திருக்கீங்களே சார்” என்று டீச்சர் அதை என் முன்னால் விரித்துக் காட்டினார். நான் சிரித்தேன். பயந்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ரொம்ப நாள் வியாதி, அதற்கு எந்தக் கிளினிக்கிலும் காட்டியதில்லை.

சமூக அறிவியல் பரீட்சையன்று கம்பெனிச் சட்டையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றேன். ஊரிலிருந்து அக்கா போனில், “அங்க சலுகையெல்லாம் உண்டாம்லா? குடுத்து வச்சவ” என்றாள். ஆமாம் என்றேன்.

மணியடித்ததும் பேப்பரை வாங்கிவிட்டார்கள். ஜெபா பாதிகூட எழுதியிருக்கவில்லை. வண்டியில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, எழுதாமல் விட்ட கேள்விகளுக்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். சொன்னதெல்லாம் சரி.

ரிசல்ட்டில் ஃபெயில்.